பப்பாளிக்குப் பயந்தவன்

எனக்கும் என் புருஷனுக்கும் எச்.ஐ.வி. இருக்கிறது. எப்படி வந்தது என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. சர்க்கரை வந்தவளிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. என்னிடமும் கேட்க வேண்டாம். தினமும் மாத்திரை போடுகிறோம், வேலைக்குப் போகிறோம், வாடகை கட்டுகிறோம், சண்டை போடுகிறோம். மற்றவர்கள் குடித்தனம் எப்படியோ அப்படித்தான் எங்களுடையதும்.

நாங்கள் பார்த்துக்கொண்டதே மாத்திரை வாங்கும் வரிசையில்தான். அரசு ஆஸ்பத்திரியில் அதற்கென்று ஏ.ஆர்.டி. மையம் என்று தனியாக ஓர் இடம் உண்டு. அங்கே நிற்கிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். பார்த்தாலும் பார்க்காத மாதிரி போனை நோண்டுவார்கள். இவன் மட்டும் எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்து எனக்கு முன்னால் நுழைந்தான். நான் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன்.

"ஷிப்டுக்கு நேரமாயிட்டு, கொஞ்சம் விடுங்கக்கா" என்றான்.

"எனக்கு மட்டும் இன்னா, பீச்சுக்கா நேரமாவுது? பின்னால போ."

போனான். அடுத்த மாதம் எனக்கு முன்பே வந்து எனக்கும் சேர்த்து இடம் பிடித்து வைத்திருந்தான். அதற்கடுத்த வருஷம் கல்யாணம்.

அவன் தென்காசிப் பக்கம். நான் குன்றத்தூருக்குப் பக்கத்து ஊர்க்காரி. அவன் பேசுவது எனக்கு இழுப்பாக இருக்கும். நான் பேசுவது அவனுக்குச் சண்டை மாதிரி இருக்கும். பாதி நேரம் சண்டையேதான். என் ஊரில் எல்லாருக்கும் என்னைத் தெரியும் என்பதால் ஒரகடம் பக்கம் தள்ளி வந்து வாடகைக்கு இருக்கிறோம். பக்கத்து அறைகளில் எல்லாம் தெற்கிலிருந்து வேலைக்கு வந்த பையன்கள். யார் எந்த ஷிப்ட் என்பதைத் தவிர இங்கே யாருக்கும் யாரைப் பற்றியும் ஒன்றும் தெரியாது. எங்களுக்கு அது போதும்.

அவன் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் பெயிண்ட் ஷாப்பில் இருக்கிறான். இரும்புக்குப் பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் அதை வரிசையாகத் தொட்டிகளில் முக்கி எடுப்பார்கள். எண்ணெய்ப் பிசுக்குப் போக ஒரு தொட்டி, கழுவ ஒன்று, பெயிண்ட் பிடித்து நிற்பதற்கு ஒரு கெமிக்கல் தொட்டி. அந்தக் கெமிக்கல் தொட்டி அவன் பொறுப்பு. அதிலிருந்து கொஞ்சம் எடுத்துக் குடுவையில் விட்டு, இன்னொரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறுகிற இடத்தை வைத்து 'பாயிண்ட்' சொல்வான். பாயிண்ட் இறங்கியிருந்தால் கெமிக்கல் ஊற்றுவான். ஷிப்ட் முழுக்க இதே வேலை. அவன் தொட்டியில் முங்கிப் போன எதுவும் பெயிண்ட் உரிந்து திரும்பி வந்ததில்லை என்று பெருமை பேசுவான். அந்தப் பெருமைதான் என்னை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தது.

நான் ஒயர் கம்பெனி. காருக்குள் ஓடுகிற ஒயர்களைப் பலகையில் பரப்பிக் கட்டாகக் கட்டும் லைன். பச்சையில் வெள்ளைக் கோடு போட்டது ஒரு ஓட்டையில், பச்சையில் மஞ்சள் கோடு போட்டது பக்கத்து ஓட்டையில். மாற்றிச் செருகினால் கடைசியில் இருக்கிற டெஸ்ட் போர்டு கத்தும். கண்ணும் விரலும் ஒழுங்காக இருந்தால்தான் அந்த வேலை.

எங்களுக்குக் குழந்தை வேண்டும். இதைச் சொல்லும்போது சிலர் முகம் போகிற போக்கைப் பார்த்திருக்கிறேன். அவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. மையத்து டாக்டரம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார். மாத்திரையை ஒழுங்காகப் போட்டு, ரத்தத்தில் கிருமி தெரியாத அளவுக்கு இருந்தால் தாராளமாகப் பெற்றுக்கொள்ளலாம், மாத்திரையை விடாமல் இருந்தால் குழந்தைக்கு வராமல் பார்த்துக்கொள்ள முடியும் என்றார். "அடுத்த வைரல் லோடு டெஸ்ட் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்" என்றார். எனக்கு வயசு ஏறிக்கொண்டே போகிறது. அந்த டெஸ்டுக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குள் கூட்டுரோட்டில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கடைக்காரன் பேனர் கட்டினான். தலை முதல் கால் வரை எல்லாம் ஒரே ஊசியில் பார்க்கிறானாம். பிள்ளைக்கு முன்னால் எல்லாம் பார்த்துவிடுவோம் என்று இவன் ஒற்றைக்காலில் நின்றான். எனக்கு அந்த வாரம் நல்ல காய்ச்சல். காய்ச்சலோடு போய்க் கையை நீட்டினேன். ரிப்போர்ட் இவன் போனுக்கு வந்தது. இவனுக்கு எல்லாம் சரி. எனக்கும் எல்லாம் சரி, ஒன்றைத் தவிர. வைட்டமின் ஏ என்ற இடத்தில் சிவப்பில் கீழ்நோக்கி ஒரு அம்புக்குறி.

"ஏளா, பாயிண்ட் எறங்கிட்டு" என்றான்.

"இன்னா பாயிண்டு?"

"ஒன் வைட்டமின் ஏ. நம்ம நோயி உள்ளவங்களுக்கு இது கொறஞ்சா நோயி வெரசா முத்திருமாம். இந்தா பாரு, ஒருத்தரு வீடியோல சொல்லுதாரு."

"யாரு அந்தாளு? டாக்டரா?"

"வெள்ளக் கோட்டு போட்டுருக்காரு."

"பரோட்டா மாஸ்டர் கூடத்தான் வெள்ளையா போட்டுகினு கீறான்."

"வெளையாடாத ஏளா. டேங்குன்னாலும் ரத்தம்னாலும் பாயிண்ட் பாயிண்டுதான். எறங்குனா ஏத்தணும். ஏத்தலன்னா மேல என்ன நல்ல பெயிண்ட் அடிச்சாலும் நிக்காது. நம்ம ஏ.ஆர்.டி. மாத்திரை பெயிண்ட்டு. இது அடில உள்ள கெமிக்கலு."

அவன் சொன்ன விதத்தில் ஒரு நியாயம் இருக்கிற மாதிரி இருந்தது. முற்றிவிடும் என்ற வார்த்தை வேறு எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நான் தலையாட்டிவிட்டேன்.

அன்றைக்கு ஆரம்பித்தான். காலையில் கேரட் ஜூஸ். ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ஈரல். மீன் எண்ணெய் உருண்டை. இதெல்லாம் போக மருந்துக் கடையிலிருந்து வைட்டமின் ஏ மாத்திரை, இருக்கிறதிலேயே பெரிய அளவு. கடைக்காரன் டாக்டர் சீட்டு கேட்டானா என்றேன். "சத்து மாத்திரைக்கு எதுக்குச் சீட்டு?" என்றான்.

இதில் ஒரு கூத்து. வீட்டுக்கார அம்மா பின்பக்கத்து மரத்துப் பப்பாளி ஒன்றைப் பறித்துக் கொடுத்தது. நல்ல பழம். நான் கத்தியை எடுப்பதற்குள் இவன் பிடுங்கிக்கொண்டு போய்ப் பக்கத்து அறைப் பையன்களிடம் கொடுத்துவிட்டான்.

"புள்ள வேணும்னு இருக்கவ பப்பாளி திம்பாளா? கரு தங்காதுல்லா. கூறு இல்லயா ஒனக்கு?"

"அது காய்க்குச் சொல்றதுய்யா. இது பழம்."

"பழமோ காயோ, நம்ம வீட்டுப் பக்கமே வரப்பிடாது."

பப்பாளி வாசனைகூட என் மேல் படாமல் பார்த்துக்கொண்டான். மாத்திரையை மட்டும் உள்ளங்கையில் வைத்து, நான் முழுங்கும்வரை எதிரில் நிற்பான்.

மாதா மாதம் மையத்தில் நர்ஸ் கேட்பார், "வேற மருந்து ஏதாவது எடுக்கறீங்களா?" இல்லை என்றுதான் சொன்னேன். பொய் சொல்லவில்லை. காய்ச்சல் மாத்திரை மருந்து, இருமல் தண்ணி மருந்து. இது சத்து. சத்தை யாராவது மருந்து என்று சொல்வார்களா?

கொஞ்ச நாளில் உதடு உரிந்தது. வெயில் என்று நினைத்தேன். தலைமுடி சீப்போடு வந்தது. உப்புத் தண்ணீர் என்று நினைத்தேன். கால் எலும்பெல்லாம் வலித்தது. நின்று வேலை செய்கிறவளுக்கு வலிக்காமல் என்ன செய்யும்? முடி கொட்டுவதை இவனிடம் சொன்னது தப்பாகப் போயிற்று.

"இன்னும் பாயிண்ட் ஏறல போல" என்று மாத்திரையை இரண்டாக்கினான்.

உள்ளங்கை மஞ்சளாக மாறியதை நான் கவனிக்கவில்லை. லைனில் எனக்கு எதிரில் நிற்கிறவள்தான் பார்த்தாள்.

"இன்னாடி, கையெல்லாம் மஞ்சளாக் கீது? எந்தக் கல்யாணத்துக்கு நலங்கு வெச்சுட்டு வந்த?"

"உன் புருஷனுக்கு ரெண்டாங் கல்யாணம். உன்னைக் கூப்புடலயா?"

"அய்ய, அந்த மூஞ்சிக்கு ரெண்டாவது வேறயா!"

அவள் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டுக் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டேன். ஆனால் உள்ளே கலங்கிப்போனது. மஞ்சள் காமாலை என்றால் ஈரல் போகிறது. எங்கள் நோயில் ஈரல் போனால் மாத்திரை தாங்காது, மாத்திரை தாங்காவிட்டால் எல்லாம் முடிந்தது. நானே கணக்குப் போட்டு நானே முடித்தேன்.

பிறகு தலைவலி வந்தது. அதுவரைக்கும் எனக்குத் தெரிந்த தலைவலி இல்லை அது. காலையில் எழுந்ததும் மண்டை முழுக்க அழுத்தும். குனிந்தால் வெடிக்கிற மாதிரி இருக்கும். மையத்தில் என்னோடு வரிசையில் நின்ற ஒருத்திக்கு இப்படித்தான் தலைவலியில் ஆரம்பித்தது. மாத்திரையை விட்டுவிட்டிருந்தாள். மூளைக்குக் கிருமி ஏறிவிட்டது என்றார்கள். அதற்குப் பிறகு அவள் வரவில்லை. நான் ஒரு நாளும் விட்டதில்லை. ஆனால் விடாமல் போட்டும் மாத்திரை வேலை செய்யாமல் போகலாம் என்று அந்தப் பாழாய்ப்போன வீடியோக்களில் கேட்டிருந்தேன். எனக்கு அப்படி ஆகிவிட்டது என்று முடிவு செய்துகொண்டேன். இவனிடம் சொல்லவில்லை. சொன்னால் மூன்றாக்குவான்.

ஒரு நாள் காலை ஷிப்டில் டெஸ்ட் போர்டு கத்தியது. என் கட்டுதான். சரிசெய்து கொடுத்தேன். அடுத்ததும் கத்தியது. சூப்பர்வைசர் வந்தான்.

"இன்னாமா, தூக்கமா? பச்சை எது, மஞ்சள் எதுன்னு தெரியலயா?"

தெரியவில்லை. கையில் இருந்த ஒரு ஒயர் எனக்கு இரண்டாகத் தெரிந்தது. கண்ணைக் கசக்கினேன், அப்படியும் இரண்டு. கேன்டீன் பக்கம் போய் வாந்தி எடுத்தேன். பர்மிஷன் வாங்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே உட்கார்ந்து இவனுக்குப் போன் போட்டேன்.

"மூளைக்கு ஏறிடுச்சுய்யா. வா."

அவ்வளவுதான் சொன்னேன். எப்படி வந்தானோ, கம்பெனி யூனிபார்மோடு வந்து நின்றான். ஷேர் ஆட்டோவில் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன், அங்கிருந்து மையம் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு ரயில். ரயிலில் நான் கண்ணை மூடிக்கொண்டு அவன் தோளில் சாய்ந்திருந்தேன்.

"புள்ளையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம் ஏளா. நீ இருந்தாப் போதும்" என்றான்.

"புள்ளைப் பேச்சு எடுத்தே, ரயிலை விட்டுத் தள்ளிடுவேன்" என்றேன். குழந்தை வேண்டாம் என்று அவன் வாயால் கேட்பதுதான் எனக்கு அந்தத் தலைவலியைவிடத் தாங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் உடனே சேர்த்துக்கொண்டார்கள். எங்கள் நோய் இருக்கிறவளுக்குத் தலைவலியும் கண் மங்கலும் என்றால் அவர்களும் அதைத்தான் முதலில் நினைப்பார்கள். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். முதுகுத் தண்டில் ஊசி போட்டுத் தண்ணீர் எடுத்தார்கள். வைரல் லோடுக்கு இவனிடமும் சேர்த்து ரத்தம் எடுத்தார்கள், அதற்குப் பதில் வர நாளாகும் என்றார்கள். கண் டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்து, கண்ணுக்குப் பின்னால் நரம்பு வீங்கியிருக்கிறது, மண்டைக்குள் அழுத்தம் கூடியிருக்கிறது என்றார். எதனால் என்று சொல்லவில்லை.

முதுகுத் தண்ணீரில் கிருமி இல்லை என்று வந்தது. ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை. நல்ல செய்திதான். ஆனால் என்னைப் பார்க்க வார்டுக்கு வந்த மையத்து டாக்டரம்மா முகம் தெளியவில்லை. கிருமி இல்லாமல் ஏன் அழுத்தம் என்று அவருக்கு இடித்தது. என் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கையைக் காட்டும்மா."

காட்டினேன். ஜன்னல் பக்கம் இழுத்துப் பார்த்தார். பிறகு கண் இமையை இறக்கிப் பார்த்தார்.

"கண்ணு வெள்ளையா இருக்கு. கை மட்டும் மஞ்சள். இது காமாலை இல்ல. கேரட் நிறைய சாப்பிடுவியா?"

நான் வாய் திறப்பதற்குள் இவன் முந்திக்கொண்டான். "தெனமும் ஜூஸு போட்டுக் குடுக்கேன் மேடம்."

"வேற என்ன கொடுக்கறீங்க?"

"ஈரலு மேடம். மீனெண்ணெ. அப்புறம் வைட்டமின் ஏ மாத்திரை. மொதல்ல ஒண்ணு குடுத்தேன். இப்ப ரெண்டு." மார்க் வாங்கிய பையன் மாதிரி சொன்னான்.

"எங்க அந்த மாத்திரை?"

சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினான். வார்டுக்கும் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டுதான் இருந்தான். ஒரு பக்கம் டிரிப் ஏறும், மறு பக்கம் இவன் மாத்திரையோடு நிற்பான். நானும் வாயைத் திறந்து முழுங்கியிருக்கிறேன்.

டாக்டரம்மா அட்டையைத் திருப்பிப் படித்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"அங்கன்வாடில குழந்தைங்களுக்கு வைட்டமின் ஏ சொட்டு கொடுப்பாங்களே, எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை?"

பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மா சொன்னது, "ஆறு மாசத்துக்கு ஒருக்காம்மா. என் பேத்திக்குப் போன மாசம்தான் ஊத்துனாங்க."

"ஏன் தினம் ஊத்தல? அரசாங்கத்துக்குச் சத்து கொடுக்க மனசு இல்லையா? அது உடம்புலயே தங்கும். அதிகமானா வேற சில சத்து மாதிரி மூத்திரத்துல போகாது. ஈரல்ல சேர்ந்துகிட்டே இருக்கும். சேர்ந்தா முடி கொட்டும், தோல் உரியும், எலும்பு வலிக்கும், மண்டைக்குள்ள அழுத்தம் ஏறும். கேரட் கையைத்தான் மஞ்சளாக்குது, அது தொந்தரவு பண்ணாது. இந்த மாத்திரைதான் இவ்வளவும் பண்ணிருக்கு."

"கொறஞ்சிருந்துது மேடம்" என்றான் இவன். போனை எடுத்து அந்தச் சிவப்பு அம்புக்குறியைக் காட்டினான். "இது கொறஞ்சா நோயி முத்திரும்னு..."

"ரத்தம் எடுத்த அன்னிக்கு உடம்பு எப்படி இருந்துது?"

"காய்ச்சல்" என்றேன்.

"காய்ச்சல் வந்தா இந்த அளவு தானா இறங்கும். காய்ச்சல் விட்டதும் தானா ஏறும். உங்க நோய் முத்துனவங்களுக்கும் இது குறைவா இருக்கும், அது உண்மை. அதைப் பார்த்துட்டு ஒரு காலத்துல டாக்டர்களே, குறைஞ்சதாலதான் நோய் முத்துதோன்னு நினைச்சாங்க. கொடுத்துப் பார்த்தாங்க. பெரியவங்களுக்கு நோய் நிக்கல. நோயால அது குறையலாம். அதை ஏத்துனா நோய் குறையாது. உங்க நோயை நிறுத்துறது நீங்க தினம் போடற ஏ.ஆர்.டி. மாத்திரைதான்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நாள் தள்ளிப் போயிருக்கா?"

போயிருந்தது. உடம்பு சரியில்லாததால் தள்ளியிருக்கும் என்று விட்டிருந்தேன். அதைச் சொன்னதும் டாக்டரம்மா நர்ஸைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் புரியவில்லை.

"உடனே மூத்திரம் டெஸ்ட் பண்ணணும். கரு நின்ன புதுசுல இந்த மாத்திரை இவ்வளவு போனா குழந்தைக்கு ஊனம் வரலாம்."

பப்பாளியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியவன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

எனக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து அந்த டெஸ்ட் பட்டையில் இரண்டாவது கோடு விழ வேண்டும் என்று ஏங்கியிருக்கிறேன். நாள் தள்ளுகிறபோதெல்லாம் வாங்கிப் பார்த்து, விழாவிட்டால் அதை வீசி எறிந்து, அன்றைக்குச் சமைக்காமல் படுத்திருக்கிறேன். அந்த ஆஸ்பத்திரிக் கழிவறையில் நின்றுகொண்டு, விழக் கூடாது, விழக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். கண் வேறு மங்கல். ஒரு கோடா, ஒரு கோடு இரண்டாகத் தெரிகிறதா என்று எனக்கே தெரியவில்லை. ஓடிவந்து நர்ஸிடம் நீட்டினேன்.

"ஒண்ணுதான்கா. நீங்க முழுகாம இல்ல" என்றாள்.

சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். குழந்தை இல்லை என்று சந்தோஷத்தில் அழுதவள் அந்த வார்டில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மாத்திரை, மீன் எண்ணெய், ஈரல் எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். அழுத்தம் இறங்க வேறு மாத்திரை கொடுத்தார்கள். படுக்கையில் படுத்துக்கொண்டே இவனை ஒரு பிடி பிடித்தேன்.

"யோவ், ஒண்ணு கேக்கறேன். உன் டேங்க்ல கெமிக்கல் ஜாஸ்தியாப் போனா இன்னா ஆவும்?"

கட்டில் கம்பியைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"இரும்பு மேல பவுடர் பவுடரா ஏறும்."

"ஏறுனா?"

"பெயிண்ட் நிக்காது."

"நிக்காம?"

"உரிஞ்சிரும்."

"இது உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"அப்போ என் உதடு உரியும்போது ஏன்யா ரெண்டாக்குன?"

"பயந்துட்டேன் ஏளா." தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "கம்பெனி டேங்குன்னா பயம் கெடயாது. நெதானமாப் பாப்பேன். நீயின்னதும் கையி நிக்கல."

இன்னும் நிறையத் திட்டுவதாக இருந்தேன். வரவில்லை. பக்கத்துக் கட்டில் அம்மா வேறு, "வுடு பொண்ணே, பாவம், நாலு நாளா துன்னாம கீறான்" என்றது. அவனை வெளியே போய் இட்லி தின்றுவிட்டு வரச் சொல்லி விரட்டினேன்.

ஆனால் பெரிய கேள்வி அப்படியே இருந்தது. தலைவலிக்குக் காரணம் தெரிந்துவிட்டது. ஏ.ஆர்.டி. மாத்திரை வேலை செய்கிறதா என்பது இன்னும் தெரியவில்லை. ஒரு கெட்டதுக்குக் காரணம் கிடைத்ததால் இன்னொன்று இல்லை என்று ஆகிவிடாது. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டில் இருந்த நாட்களில் தலைவலி மெல்ல மெல்ல இறங்கியது. உதட்டில் புதுத் தோல் வந்தது. காலண்டரில் இருக்கிற சின்ன எழுத்தைப் படிக்க முடிந்தது. ஒவ்வொன்றும் சரியாகச் சரியாக, அந்த ஒன்று மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது. ரிப்போர்ட் வந்துவிட்டது, வாங்க என்று மையத்திலிருந்து போன் வந்த அன்று நான் வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. அவனும் பேசவில்லை. எங்களைத் தெரிந்தவர்கள் பார்த்திருந்தால் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

மையத்தில் ஆலோசகர் என்று ஒரு பெண் இருக்கிறாள். எங்களைவிடச் சின்னவள். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"டார்கெட் நாட் டிடெக்டட்கா."

"இங்கிலீஷ்ல சொல்லாதம்மா. இருக்குதா, இல்லையா?"

"கிருமி மெஷினுக்கே தெரியல. அவ்வளவு அடங்கி இருக்கு. மாத்திரை சூப்பரா வேலை செய்யுது. உங்க ரெண்டு பேருக்கும்."

"இன்னொரு தடவை சொல்லு."

சொன்னாள். மூன்றாவது தடவையும் கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னாள். இவன் எழுந்து அவளைக் கையெடுத்துக் கும்பிட்டான். அவள் பதறிப்போய் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

எனக்கு அழுகை வரவில்லை. பசி வந்தது. மாதக்கணக்கில் இல்லாத பசி. மூளைக்கும் ஏறவில்லை, முற்றவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நான் கலங்கிய அத்தனை நாளும் என் மாத்திரை பாட்டுக்கு உள்ளே ஒழுங்காக வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. இவனும் அந்த வீடியோக்காரனும் அந்த பேனர் கடைக்காரனும் சேர்ந்துதான் என்னைச் சாகடிக்கப் பார்த்திருக்கிறார்கள். கோபம் வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. சந்தோஷமாக இருக்கும்போது எவ்வளவு நேரம்தான் கோபத்தைப் பிடித்து வைப்பது?

டாக்டரம்மா அறைக்குப் போனோம். குழந்தைப் பேச்சை நான்தான் எடுத்தேன். இவனுக்குத் தைரியம் இல்லை.

"தாராளமா" என்றார். "ஆனா இப்ப வேண்டாம். சேர்ந்தது ஈரல்ல இருந்து மெதுவாத்தான் இறங்கும். ஆறு மாசம் போகட்டும். ரத்தம் பார்த்துட்டு நான் சொல்றேன். அதுவரைக்கும் கர்ப்பம் ஆகாம பார்த்துக்கங்க. நடுவுல எந்தச் சத்தும் எனக்குத் தெரியாம கூடாது." கடைசி வார்த்தையை இவனைப் பார்த்துச் சொன்னார்.

"தண்ணி மட்டும் குடுப்பேன் மேடம்" என்றான்.

"சோறும் போடுய்யா" என்றேன். டாக்டரம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வெளியே வந்து ஒரு ஓட்டலில் உட்கார்ந்து இரண்டு பேரும் சாப்பாடு சாப்பிட்டோம். நான் சோறு மறுபடி வாங்கினேன், ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை. அப்போதுதான் அவன் போன் அடித்தது. அவன் கையெல்லாம் குழம்பு. நான் எடுத்தேன். ஊரிலிருந்து என் மாமியார். எங்கள் நோயும் அதுக்குத் தெரியாது, நான் ஆஸ்பத்திரியில் இருந்ததும் தெரியாது.

"ஏ தாயி, நல்லா இருக்கியா? எதுவும் விசேசம் உண்டுமா?"

"இல்ல அத்தை. இன்னும் ஆறு மாசம் ஆவும்."

"அது என்னளா ஆறு மாசக் கணக்கு?"

"டாக்டர் சொல்லிக்கீறாங்க."

"டாக்டரா? டாக்டருகிட்ட கேட்டா புள்ள பெறுவாக?" என்று அந்தப் பக்கம் குரல் உயர்ந்தது. "ஒடம்புக்கு எதுவும் சொவமில்லையா? அவன் ஒன்ன நல்லாக் கவனிச்சுக்கிடுதானா இல்லியா?"

எதிரில் இவன் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கவனிக்கறாரு அத்தை" என்றேன். "இனிமே கொஞ்சம் கம்மியாக் கவனிக்கச் சொல்லிக்கீறேன்."